கீழ்வீட்டு சீலிங்: வாடகைக்கு விட வாங்கிய பழைய ஃப்ளாட்டும் அதைப் புதுப்பிக்க ஆள் பிடித்த விதமும்

வீடு

சென்னை குரோம்பேட்டைப் பக்கம் ஒரு ஃப்ளாட். கட்டி 25 வருஷம் ஆகிறது. மொத்தம் பன்னிரண்டு வீடு, லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடியில் 820 சதுர அடி, இரண்டு பெட்ரூம், இரண்டு பாத்ரூம். வாங்கியவர் மாதச் சம்பளக்காரர். வாடகைக்கு விடவென்று வாங்கும் முதல் வீடு இது. ஒரே வீட்டின் விவரம்போல எழுதினாலும், இந்த வயதுள்ள சென்னை ஃப்ளாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் நிலைமைகளை ஒரு வீட்டுக்குள் வைத்துப் போட்ட மாதிரிக் கணக்குதான் இது. ரூபாய் எண்கள் விகிதம் புரிவதற்கு. ரேட் ஏரியாவுக்கு ஏரியா மாறும்.

கைக்கு வரும்போது வீட்டின் நிலை: இரண்டு பாத்ரூமும் கசிகிறது, முதல் மாடிக்காரர் சீலிங்கில் மஞ்சள் கறை. தண்ணீர் லைன் துருப்பிடித்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப். ஒரு பாத்ரூமில் இந்தியன் க்ளோசெட். ஏசி பாயிண்ட் எங்கும் இல்லை. சுவரில் பல வருஷ டிஸ்டெம்பர், அடியில் உப்பு பூத்திருக்கிறது. ஹாலில் மட்டும் நல்ல மொசைக் தரை.

முந்தைய வாடகை 16,000. சரிசெய்தால் அந்தத் தெருவில் 21,000 வரும். மாதம் 5,000 கூடுதல். செலவு மூன்றரை லட்சம் என்றால் திரும்பி வர ஆறு வருஷம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் ஃபால்ஸ் சீலிங்கும் வார்ட்ரோபும் பட்டியலிலிருந்து விழுந்தன. ஃபால்ஸ் சீலிங்குக்காகக் குடித்தனக்காரர் மாதம் ஐநூறு ரூபாய்கூடச் சேர்த்துத் தரமாட்டார். வெஸ்டர்ன் க்ளோசெட்டுக்கும் ஏசி பாயிண்டுக்கும் தருவார். மொசைக்கை உடைத்து டைல்ஸ் போட வேண்டும் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். உடைக்கவில்லை, பாலிஷ் போட்டதோடு சரி. வீடு காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் 4,900 ரூபாய் போகிறது என்பதையும் அதே தாளில் எழுதி வைத்துக்கொண்டால், தாமதத்தின் விலை கடைசிவரை கண்ணில் இருக்கும்.

எங்கே தேடுவது

செயலியில் நம்பரைப் பதிந்தால் பத்து நிமிடத்தில் ஐந்து பேர் கூப்பிடுவார்கள். ஐந்து பேருக்கும் உங்கள் நம்பர் காசுக்குப் போயிருக்கிறது என்பதைத் தவிர அதில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. இந்த வீட்டுக்குப் பயன்பட்டவை மூன்று இடங்கள்.

முதலாவது, அதே ஏரியாவின் சானிட்டரி, ஹார்டுவேர் கடை. யாருக்குக் கடன் கொடுக்கிறோம், யார் பாக்கி வைத்து எதிர்க்கடைக்குப் போய்விட்டார் என்பது கடைக்காரருக்கு அத்துப்படி. "நல்ல மேஸ்திரி யார்?" என்று கேட்டால் தன்னிடம் அதிகம் வாங்குபவர் பெயரைச் சொல்வார். "யாருக்குக் கடனில் பொருள் கொடுப்பீங்க?" என்று கேட்டால் வேறு பெயர் வரும். இரண்டாவது பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, தெருவில் இப்போது வேலை நடக்கிற ஃப்ளாட். வாசலில் இடிபாடு மூட்டை கட்டி அடுக்கியிருக்கிறதா, அள்ளிக் கொட்டியிருக்கிறதா என்பதிலேயே பாதி விவரம் கிடைத்துவிடும். மேஸ்திரி இல்லாத நேரத்தில் உள்ளே போனால் மீதியும் தெரியும்: டைல்ஸ் கட்டர் தண்ணீரோடு ஓடுகிறதா, ரசமட்டம் கையெட்டும் இடத்தில் இருக்கிறதா, சாக்கடை டிராப்பின் (தரைத் தண்ணீர் இறங்கும் குழி) வாயைச் சாக்கு வைத்து அடைத்திருக்கிறார்களா. அடைக்காத டிராப்பில் சிமென்ட் பால் இறங்கினால், ஆறு மாதம் கழித்துக் குடித்தனக்காரர் அடைப்பு என்று கூப்பிடுவார்.

மூன்றாவதுதான் முக்கியம். மேஸ்திரி செய்து முடித்த பாத்ரூமைப் பார்க்காதீர்கள். அதன் கீழ்வீட்டு சீலிங்கைப் பாருங்கள். போன மாதம் முடித்த வேலையை அவர் காட்டுவார், அது பளபளவென்றுதான் இருக்கும். ஒரு மழைக்காலமும் ஒரு வருஷக் குளியலும் தாண்டிய வேலையைக் கேட்டு வாங்கி, அந்தக் கட்டடத்துக்குப் போய்க் கீழ்வீட்டு மணியை அடிக்க வேண்டும். கூச்சமான காரியம்தான். ஆனால் மேல்வீட்டுக் கசிவைப் பற்றிப் பேசச் சொன்னால் தயங்குகிற கீழ்வீட்டுக்காரர் சென்னையில் அபூர்வம். இந்த வீட்டுக்கு வந்த ஆறு பெயர்களில் இரண்டு இந்தச் சோதனையில் கழிந்தன. இன்னொருவர் பழைய விலாசமே தரவில்லை.

மூன்று கொட்டேஷன்

மிஞ்சிய மூவரையும் ஒரே நாளில், அரை மணி இடைவெளியில் வரவழைத்து, ஒரே வேலைப்பட்டியலைக் கையில் கொடுத்து விலை கேட்டது. பட்டியல் நம்முடையதாக இருக்க வேண்டும். அவரவர் மனதிலிருக்கும் வேலைக்கு அவரவர் விலை சொன்னால் எதையும் ஒப்பிட முடியாது.

முதலாமவர் ஒரே வரியில் 2,60,000 என்றார். இரண்டாமவர் நான்கு பக்கம் எழுதி 3,55,000. அதில் லேபர் 1,45,000. பொருளும் மொசைக் பாலிஷும் 2,10,000, அதை வீட்டுக்காரரே நேரடியாகக் கொடுத்துக்கொள்ளலாம் என்று குறிப்பு. மூன்றாமவர் இன்டீரியர் கம்பெனி: 4,10,000, கீழே சின்ன எழுத்தில் ஜிஎஸ்டி தனி. 18 சதவீதம் சேர்த்தால் 4,83,800. (வருஷ வரவு 20 லட்சத்துக்குள் உள்ள மேஸ்திரிக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. அதனால் ஒரு கொட்டேஷனில் வரி உண்டு, இன்னொன்றில் இல்லை என்பது ஏமாற்று அல்ல.)

புதிதாக வருபவர் 2,60,000 பக்கம்தான் சாய்வார். பட்டியலை எடுத்து வரிவரியாக "இது இதில் அடக்கமா?" என்று போனில் கேட்டதும் கணக்கு வேறானது. பாத்ரூம் வாட்டர்ப்ரூஃபிங் அடக்கமில்லை: 26,000. இடிபாடு அகற்றுவதும் பொருளை இரண்டு மாடி ஏற்றும் கூலியும் இல்லை: 22,000. வயர், டிபி பாக்ஸ் (வீட்டு மின் இணைப்புகள் பிரியும் பெட்டி) இல்லை: 36,000. பெயின்டிங் உண்டு, ஆனால் பழைய டிஸ்டெம்பரைச் சுரண்டுவதும் பட்டியும் (பெயின்டுக்கு முன் சுவரைச் சமன்செய்யும் பூச்சு) இல்லை: 22,000. கூட்டினால் 3,66,000, அதாவது இரண்டாமவரைவிட 11,000 அதிகம். இந்த 1,06,000 ரூபாயும் வேலை பாதியில் இருக்கும்போது "எக்ஸ்ட்ரா" என்ற பெயரில் வந்திருக்கும். அப்போது பாத்ரூம் உடைந்து கிடக்கும். பேரம் பேச வழியிருக்காது.

அந்த இடிபாட்டுச் செலவை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பாத்ரூம் 5 அடிக்கு 8 அடி. சன்கன் ஸ்லாபில் (பைப் போவதற்காகத் தாழ்த்திப் போட்ட தளம்) ஓரடி ஆழத்துக்குச் செங்கல் ஜல்லி நிரப்பியிருக்கும்: 40 கன அடி. சுவர் டைல்ஸும் அதன் பின் பூச்சும் 160 சதுர அடி, ஒன்றேகால் இன்ச் கனம்: இன்னொரு 17 கன அடி. 57 கன அடி என்பது இரண்டரை டன்னுக்குக் குறையாது. குட்டி யானையில் முக்கால் டன் ஏற்றினால் ஒரு பாத்ரூமுக்கு மூன்று நான்கு நடை, இரண்டுக்கும் ஏழு நடை. அத்தனையும் ஆள் தோளில் இரண்டு மாடி இறங்க வேண்டும். இந்த வரி கொட்டேஷனில் இல்லையென்றால் மூட்டைகள் ராத்திரியோடு ராத்திரியாகத் தெருமுனைக்குப் போகும். மாநகராட்சி அபராதமும் அசோசியேஷன் செயலாளரின் போனும் வீட்டுக்காரருக்கு வரும்.

அளக்கும் முறையையும் அப்போதே பேசிக்கொள்ள வேண்டும். அதே பாத்ரூமின் சுற்றளவு 26 அடி, 7 அடி உயரம், 182 சதுர அடி. கதவு 17.5, வென்டிலேட்டர் 3 கழித்தால் 161.5. கழிக்காமல் பில் போடுவது சிலர் வழக்கம். தொகை சிறியது, சண்டை பெரியது. டைல்ஸ் வாங்க 161.5-ஓடு வெட்டு சேதம் 8 சதவீதம் சேர்த்து 174. 300-க்கு 450 மி.மீ. டைல்ஸ், பெட்டிக்கு 6, அதாவது 8.7 சதுர அடி என்றால் 20 பெட்டி. அதே லாட் நம்பரில் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி லாஃப்டில் போட்டுவைத்தால், நாலு வருஷம் கழித்து ஒரு டைல் உடையும்போது சுவரே மாற வேண்டியிருக்காது.

சின்ன வேலை கொடுத்துப் பார்த்தல்

இரண்டாமவர் பேச்சு பிடித்திருந்தது. பேச்சை நம்பி மூன்றரை லட்சம் கொடுப்பதற்கு முன் 7,000 ரூபாய் வேலை ஒன்று கொடுக்கப்பட்டது: பால்கனி டிராப்பை மாற்றி, அதைச் சுற்றி ஆறு டைல்ஸ் போட்டு, கிச்சன் சிங்க் குழாயை மாற்ற வேண்டும். இரண்டு நாள் வேலை. கொத்தனார், பிளம்பர் இருவரும் தொட வேண்டிய வேலையாகப் பார்த்துத் தேர்ந்தது, இரண்டு பேரையும் அவரால் ஒரே நாளில் கொண்டுவர முடிகிறதா என்று பார்க்கத்தான்.

முதல் நாள் ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றவர் பதினொன்றரைக்கு வந்தார். ஆனால் எட்டரைக்கே போன் செய்து, "சார், பிளம்பர் பல்லாவரத்துல மாட்டிக்கிட்டான், பதினொண்ணாகும்" என்று சொல்லிவிட்டார். இந்தத் தொழிலில் தாமதம் எல்லோரிடமும் உண்டு. முன்கூட்டிச் சொல்கிறவர் யார் என்பதுதான் ஆளைக் காட்டும். டைல்ஸ் போட்டபின் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் ஓரத்தில் தேங்கியது. "ரெண்டு டைல் எடுத்துட்டுத் திருப்பிப் போடறேன்" என்று அவரே சொன்னார், காசு கேட்கவில்லை. அந்த இரண்டு டைல்தான் அவருக்கு வேலையை வாங்கிக் கொடுத்தது.

சனிக்கிழமைக் கணக்கு

புதிய முதலீட்டாளர்கள் ஏமாறுவது பெரும்பாலும் ஆள் தேர்வில் இல்லை, பணம் கொடுக்கும் முறையில். மேஸ்திரியின் வாரம் சனிக்கிழமையில் முடிகிறது. ஒரு கொத்தனார் 1,100, இரண்டு சித்தாள் தலைக்கு 750 என்றால் ஆறு நாளைக்கு 15,600. அது சனிக்கிழமை மாலை கையில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை அந்த ஆட்கள் வேறு சைட்டில் நிற்பார்கள். மேஸ்திரியிடம் சேமிப்பு கிடையாது. ஒரு வீட்டுப் பணத்தில் இன்னொரு வீட்டுச் சம்பளம் போடுவதுதான் வழக்கம்.

"பாதி அட்வான்ஸ், பாதி முடிஞ்சதும்" என்று ஒப்புக்கொண்டால், அந்தப் பாதி அவருடைய முந்தைய சைட்டின் சனிக்கிழமைகளுக்குப் போய்விடும். "முடிஞ்சாத்தான் பணம்" என்று கெட்டியாக நின்றால் ஆள் வராது. "சனிக்கிழமை சம்பளம் போடணும் சார்" என்று கேட்கும்போதெல்லாம் கொடுத்தால், ஐந்தாவது வாரம் பணம் முழுதும் போயிருக்கும், வேலை பாதியில் நிற்கும். கேட்கிறவர் பொய் சொல்லவில்லை என்பதால்தான் இந்த மூன்றாவது வகையில் பலர் மாட்டுகிறார்கள்.

இந்த வீட்டில் லேபர் 1,45,000-ஐ வாரத்துக்கு ஒன்றாக முடியும் அளவுக்குத் துண்டு போட்டது இப்படி. உடைத்து, இடிபாடு அகற்றியதும் 26,000. பைப், வயர் குழாய் பதித்துப் பிரஷர் டெஸ்ட் நின்றதும் 25,000. வாட்டர்ப்ரூஃபிங் முடிந்து தண்ணீர் கட்டி 48 மணி நேரம் தாண்டியதும் 12,000. டைல்ஸுக்கு 30,000. சுரண்டல், பட்டி, பிரைமர், முதல் கோட் வரை 20,000. குழாய், க்ளோசெட், சுவிட்ச் மாட்டியதும் 12,000. கடைசி கோட், கழுவித் துடைத்துச் சாவி 10,000. மீதி 10,000 குடித்தனம் வந்து 30 நாள் கழித்து. அட்வான்ஸ் 10,000 மட்டும், முதல் துண்டில் கழித்துக்கொள்வது. சனிக்கிழமைக்குள் துண்டு முடியாவிட்டால், முடிந்த சதுர அடியை அளந்து அதற்குரியதில் 90 சதவீதம். டைல்ஸ் வாரத்தில் இது ஒருமுறை தேவைப்பட்டது. பணம் எல்லாம் யுபிஐயில், ஒவ்வொன்றுக்கும் என்ன வேலைக்கு என்று ஒரு வரி.

ஒப்பந்தம் இரண்டு பக்கம். வேலைப்பட்டியல், துண்டுகள், எக்ஸ்ட்ராவுக்கு முன்கூட்டிய ரேட் (ஒரு லைட் பாயிண்டுக்கு இவ்வளவு, ஒரு ரன்னிங் அடி பைப்புக்கு இவ்வளவு), எக்ஸ்ட்ரா எதுவானாலும் வாட்ஸ்அப்பில் "சரி" என்று எழுதிய பிறகே ஆரம்பிக்க வேண்டும் என்ற வரி. கடைசியாக ஒன்று: தொடர்ந்து மூன்று வேலை நாள் யாரும் வராவிட்டால், அதுவரை முடிந்ததை இருவரும் சேர்ந்து அளந்து கணக்கு முடித்து வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம்.

எதை யார் வாங்குவது

வழக்கமாக நடப்பது தலைகீழ். டைல்ஸ், குழாய், பெயின்ட் ஷேடு என்று கண்ணுக்குத் தெரிவதைக் குடும்பத்தோடு கடைக்குப் போய்ப் பொறுக்குவோம். சுவருக்குள் போகிற வயர், பைப், டைல்ஸுக்கு அடியில் போகிற கெமிக்கல் மூன்றையும் மேஸ்திரியிடம் விட்டுவிடுவோம். ஒரு பொருள் மட்டமாக இருந்தால் பிறகு கண்டுபிடிக்க முடியாதது இந்த மூன்றில்தான். இங்கே இவை மூன்றையும் வீட்டுக்காரர் பில்லோடு வாங்கினார். மணல், சிமென்ட், சில்லறை மட்டும் மேஸ்திரி. கடைக்காரர் மேஸ்திரிக்குக் கமிஷன் கொடுப்பார், அதைத் தடுக்கப் பார்ப்பது வீண். பிராண்டையும் அளவையும் நாம் எழுதிக் கொடுத்துவிட்டால் கமிஷன் எங்கே போனாலும் பொருள் மாறாது. பெயின்ட் டப்பாவுக்குள் பெயின்டருக்கென்று டோக்கன் வருவதும் இதே வகை. ஒரு பிராண்டை அவர் விடாப்பிடியாகச் சொன்னால் காரணம் டப்பாவுக்குள்ளேயே இருக்கலாம்.

பாத்ரூம்

வாட்டர்ப்ரூஃபிங்தான் இந்த வீட்டின் உயிர்நாடி. அளவு இப்படி: தரை 40 சதுர அடி, சன்கனுக்குள் ஓரடி, தரைக்கு மேல் ஓரடி என்று சுற்றிலும் 52, குளிக்கிற மூலையில் இரண்டு சுவர் ஆறடி உயரம்வரை இன்னொரு 40. மொத்தம் 132 சதுர அடி, 12 சதுர மீட்டருக்குச் சற்று மேல். பவுடரும் திரவமும் கலக்கிற வகைக் கோட்டிங்கின் டேட்டா ஷீட்டில் இரண்டு கோட்டுக்குச் சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ என்று போட்டிருந்தால், ஒரு பாத்ரூமுக்குப் பதினெட்டு கிலோ வேண்டும். 15 கிலோ கிட் ஒன்றை வைத்து இரண்டு பாத்ரூமையும் "ரெண்டு கோட் அடிச்சாச்சு சார்" என்று முடிப்பதுதான் ஊர் வழக்கம். எனவே காலி டப்பாக்கள் கடைசிவரை சைட்டில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டது.

பழைய ஜல்லியை முழுதும் அள்ளி, ஸ்லாபைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிய பிறகே கோட்டிங். சுவரும் தரையும் சேரும் மூலையைச் செங்குத்தாக விடாமல் கலவையால் சாய்வாக அடைக்க வேண்டும். கோட்டிங் முதலில் கிழிவது அந்த மூலையில்தான். பைப் ஸ்லாபைத் துளைத்துப் போகும் இடத்தைச் சுற்றி வெட்டி, சுருங்காத கிரவுட் (இடைவெளி அடைக்கும் கலவை) ஊற்ற வேண்டும். கடலோர ஊர் என்பதால் ஒரு பாத்ரூமில் ஸ்லாபின் கம்பி துருவேறி வெளியே தெரிந்தது. இது எதிர்பார்க்க வேண்டியதே. மொத்தச் செலவில் 10 முதல் 15 சதவீதம் தனியே ஒதுக்குவது இதற்காகத்தான். தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, துருவைத் தேய்த்து, கம்பிக்குத் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பாலிமர் கலந்த கலவை. கம்பி பாதி கரைந்துபோயிருந்தால் அது மேஸ்திரி தீர்ப்பு சொல்லும் விஷயமில்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும்.

கோட்டிங் காய்ந்தபின் டிராப்பை அடைத்து மூன்று இன்ச் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து 48 மணி நேரம். முதல் நாள் மாலை கீழ்வீட்டு சீலிங்கை போட்டோ எடுத்து, மூன்றாம் நாள் அதே இடத்தை மறுபடி எடுத்துப் பார்த்தது. மேஸ்திரிகள் ஒரு ராத்திரி போதும் என்பார்கள். பழைய ஸ்லாப் முதல் நாள் குடிக்கும், இரண்டாம் நாள்தான் துப்பும். பெரிய பாத்ரூமில் கறை ஓரத்தில் புதிதாக ஈரம் காட்டியது. தேடியதில் பைப் துளைக்குப் பக்கத்தில் ஊசிமுனை ஓட்டை. மறுபடி கோட், மறுபடி 48 மணி நேரம். நான்கு நாள் போனது, வாடகைக் கணக்கில் 2,800 ரூபாய். டைல்ஸ் போட்ட பிறகு தெரிந்திருந்தால் முப்பதாயிரம்.

பைப்புக்கும் இதே கண்டிப்பு. சிபிவிசி (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) ஒட்டி ஒரு நாள் விட்டு, பழைய லைனோடு சேர்க்காமல் இரண்டு முனையும் அடைத்து, கைப்பம்பால் 10 கிலோ பிரஷர் ஏற்றி ஒரு மணி நேரம். பழைய ஜிஐயோடு சேர்த்துச் சோதித்தால் எது கசிகிறது என்றே தெரியாது. பிளம்பர், கொத்தனார் இருவரையும் கேஜ் முன் நிற்க வைத்து போட்டோ எடுத்துவிட்டு, டைல்ஸ் போட்டு முடியும்வரை குறைந்த பிரஷரில் கேஜை அப்படியே விட்டது. கொத்தனாரின் உளி பைப்பில் பட்டால் முள் உடனே இறங்கிவிடும். "ஜாயிண்ட் சரியில்ல", "இல்ல, நீதான் குத்திட்ட" என்ற வழக்கு வராது.

டைல்ஸ் சாய்வு எட்டடிக்கு ஒரு இன்ச். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீர் உறிஞ்சாது. சிமென்ட் பாலில் பிடிக்காது. அதற்கு ஐஎஸ் 15477 முத்திரையுள்ள அட்ஹெசிவ் வேண்டும்; 3 மி.மீ. கனத்தில் 20 கிலோ மூட்டை நாற்பத்தைந்து ஐம்பது சதுர அடிக்கு வரும். நடுவில் ஒன்று, மூலைக்கு ஒன்று என்று ஐந்து உருண்டை வைத்து ஒட்டினால் ஓரம் பொந்தாகிவிடும். நாணயத்தால் தட்டிப் பார்த்து டொக் டொக்கென்று கேட்ட டைல்ஸுக்கு மார்க்கர் பெருக்கல் குறி. அந்த வாரப் பணம் குறிகள் போன பிறகு.

வயரிங்

லைட்டுக்கு 1.5, 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ. காப்பர். டிபியில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு இருந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். பழைய ஃப்ளாட்டில் எங்காவது நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருக்கும். ஆர்சிசிபி மாட்டிய நிமிடமே விழும். "அது அடிக்கடி விழுது சார், எடுத்துட்டு எம்சிபி போட்டுட்டேன்" என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் (எம்சிபி மின்கசிவுக்கு விழாது), கோளாறைத் தேடாமல் பாதுகாப்பைக் கழற்றிவிட்டார் என்று அர்த்தம். இங்கே ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்துத் தேடியதில் கிச்சன் பிளக் பாயிண்டில் இரண்டையும் யாரோ முறுக்கி வைத்திருந்தது தெரிந்தது. வேலை அரை நாள். மெயின் லோடு கூட்டுவது, மூன்று ஃபேஸ் வாங்குவது போன்றவற்றுக்கு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் வேண்டும். மேஸ்திரியோடு வரும் பையன் போதாது.

நான்காவது வாரம்

ஆள் நான்கிலிருந்து இரண்டானது. "நாளைக்கு வந்துடுவாங்க" மூன்று முறை கேட்டாயிற்று. அதைவிடத் துல்லியமான அறிகுறி, டைல்ஸ் கட்டர் மெஷின் சைட்டிலிருந்து காணாமல் போனது. மெஷின் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மேஸ்திரியின் மனமும். விசாரித்தால் மேடவாக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கிரகப்பிரவேச முகூர்த்தம் குறித்தாயிற்று. எல்லா ஆட்களும் அங்கே. முகூர்த்தம் வைத்த வீட்டோடு வாடகை வீடு போட்டி போட முடியாது. ஆகையால் ஆடி, புரட்டாசி, மார்கழி என்று கிரகப்பிரவேசம் இல்லாத மாதங்களில் உள்வேலையை வைத்துக்கொண்டால் நல்ல ஆட்களே கிடைப்பார்கள். ஆடி இன்னும் உசத்தி, ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிந்துவிடும். மார்கழியில் தொடங்கினால் பொங்கலுக்கு ஊருக்குப் போகிற ஆள் ஒரு வாரம் வரமாட்டார் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் கத்தினால் பயனில்லை. அதுவரை கொடுத்த பணம் முடிந்த வேலைக்குள்தான் இருந்தது. போய்விட்டாலும் நஷ்டம் அவருக்கே. அது அவருக்கும் தெரியும். மூன்றாம் நாள் காலை வாட்ஸ்அப்பில் ஒப்பந்தத்தின் கடைசி வரியை போட்டோ எடுத்து அனுப்பி, "நாளை பத்து மணிக்கு அளந்துடலாமா மேஸ்திரி?" என்று ஒரே வரி. மாலையே மெஷின் திரும்பி வந்தது. வேறு ஆளை வைக்க நேர்ந்திருந்தால், அடுத்தவர் பாதியில் விட்ட வேலைக்குப் புதியவர் கூடுதல் கேட்பார், பழைய வேலைக்குப் பொறுப்பும் ஏற்கமாட்டார். எனவே அளப்பது கடைசி ஆயுதமாகவே இருக்கட்டும்.

கணக்கு முடிவு

ஆறு வாரம் என்று போட்டது ஏழரை வாரமானது. 3,55,000-க்கு மேல் கம்பி வேலையும் கூடுதல் கோட்டிங்கும் சேர்ந்து 31,000, ஒதுக்கிய வரம்புக்குள். வாடகை 21,000-க்குப் போனது.

பில்களைத் தூக்கிப் போடக்கூடாது. வாடகை வருமானத்தில் ரிப்பேருக்கென்று நிலையான 30 சதவீதக் கழிவு உண்டு. நிஜமாக எவ்வளவு செலவழித்தாலும் அதே 30தான். ஆனால் வீட்டை மேம்படுத்திய செலவு, விற்கும்போது மூலதன ஆதாயக் கணக்கில் உதவும், பில்லும் வங்கிப் பரிவர்த்தனையும் இருந்தால். 2019 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் வயரிங், பைப், பெயின்டிங்கை வீட்டுக்காரர் தலையிலும், குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் போன்ற சில்லறையைக் குடித்தனக்காரர் தலையிலும் வைக்கிறது. ஒப்பந்தத்தில் இதை எழுதிக்கொண்டால் மாதாந்திரப் போன்கள் பாதியாகும்.

பிடித்து வைத்த 10,000-ஐ விடுவிக்கும் நாளில் பார்த்தது நான்கு: இரண்டு டிராப்பையும் திறந்து சிமென்ட் கட்டி இருக்கிறதா, ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா, கீசர் சூட்டில் சிபிவிசி ஜாயிண்ட் வியர்க்கிறதா, கீழ்வீட்டு சீலிங். மூன்று சரி. வாஷ்பேசின் கீழ் ஒரு கனெக்ஷன் பைப் மட்டும் சொட்டியது; மேஸ்திரி அன்றே பிளம்பரை அனுப்பினார், பணமும் அன்றே போனது. முதல் மாடிக்காரர் தன் சீலிங்கைப் பெயின்ட் செய்ய அதே மேஸ்திரியின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.